வீட்டுக்கு ஒரு பெயர்

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. எழுந்ததும் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். மாவு புளித்திருந்ததால் இட்லியை விட்டுவிட்டுத் தோசை ஊற்றினேன். துணி ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டேன். வேலைக்குப் போகவில்லை, அரை நாள் விடுப்பு முந்தின நாளே எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரகடத்தில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். வருகிற பெட்டிகளைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்வதும், குறை இருந்தால் திருப்பி அனுப்புவதும் என் வேலை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கும் பழக்கம் அந்த வேலையிலிருந்து வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

விடுப்பு எடுத்தது சின்னண்ணன் மகளுக்காக. பெண் சிறைக் காவலர் வேலைக்கு அவள் தேர்வாகியிருந்தாள். எழுத்துத் தேர்வு, ஓட்டம், நீளம் தாண்டுதல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்திருந்தன. பாக்கி இருந்தது போலீஸ் விசாரணை மட்டும். ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, ஆள் எப்படிப்பட்டவர், அவர் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று விசாரித்து எழுதி அனுப்புவார். அது சரியாக இருந்தால் பணி ஆணை வரும். இல்லையென்றால் வராது. அவளுக்கு வயது வரம்பு தாண்ட இன்னும் காலம் இருந்தது என்றாலும், நான்கு வருடம் கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்று, ஷிப்ட் முடிந்து வந்து ஆள் இல்லாத சிப்காட் ரோட்டில் ஓடிப் பழகிய பெண் இன்னொரு முறை ஓடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊர் படப்பை தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே. என் கணவர் இறந்த பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்புதான் தாம்பரத்திலிருந்து பிறந்த தெருவுக்குத் திரும்பி வந்தேன். தெரு முனையில் மாதா கோயில். அதை ஒட்டிப் பெரியண்ணன் வீடு. அவர் முன்னாள் வார்டு மெம்பர். அடுத்த தேர்தலிலும் நிற்கும் எண்ணம் உள்ளவர். என் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னண்ணன் வீடு. சின்னண்ணன் உயிரோடு இல்லை. அவர் மனைவி அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்: இந்த மகளும், அவளுக்குத் தம்பி ஒருவனும். தம்பி ஐடிஐ முடித்து ஒரு பெரிய தொழிற்சாலையில் பயிற்சியாளராக இருக்கிறான். நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

காலையிலேயே பெரியண்ணி வந்து வாசலில் நின்றாள். போலீஸ்காரருக்கு டிபன் செய்திருக்கிறீர்களா என்று கேட்டாள். வடை போட்டிருப்பதாகச் சின்னண்ணி சொன்னாள்.

"ஜெயிலுக்குப் போறவளுக்கு வட போட்டு அனுப்பற ஒரே வூடு உங்க வூடுதான்டி" என்றாள் பெரியண்ணி. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், சிறைக்குப் போகப்போகிறவள். வேலை கிடைத்த நாளிலிருந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்த நகைச்சுவை அது.

காவலர் பதினோரு மணி வாக்கில் பைக்கில் வந்தார். ஐம்பதை நெருங்கியவர். நிதானமாகப் பேசினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வடையைச் சாப்பிட்டு, கை கழுவி, துடைத்துக்கொண்டு, பிறகுதான் கேட்டார். அவள் அப்பா பெயர், எத்தனை வருடமாக இந்த முகவரி, வேறு எங்காவது இருந்தது உண்டா. அவள் நின்றுகொண்டே பதில் சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பயிற்சியில் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

பிறகு அவர் தலை நிமிராமலே, "ஏம்மா, வழக்கு எதுவும் இல்லன்னு எழுதிக்கீற. ஆனா ஃபைன் கட்டிக்கீறியே" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டாளோ என்று நினைத்தேன். அவர் எந்த வருடம், எந்தக் கோர்ட் என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. "அது முடிஞ்சிடுச்சே சார்" என்றாள்.

"முடிஞ்சிதான் போச்சு. குத்தவாளின்னு முடிஞ்சிக்கீது."

நான் இந்த ஊரில் இல்லாத காலத்தில் நடந்தது அது. அங்கே நின்றிருந்தவர்கள் துண்டு துண்டாகச் சொன்னதை வைத்து வரிசைப்படுத்திக்கொண்டேன். நான்கு வருடத்துக்கு முன்பு, எங்கள் ஊர் நிறுத்தத்தில் ரோட்டைக் கடந்த ஒரு அம்மாள் மீது கம்பெனி பஸ் ஏறிவிட்டது. ஊரே போய் ரோட்டில் உட்கார்ந்தது. காலை ஷிப்ட் ஆட்களும் வெளியே வர முடியவில்லை, மதிய ஷிப்ட் ஆட்களும் உள்ளே போக முடியவில்லை. யாரோ ஒரு பஸ்ஸின் முன் கண்ணாடியில் கல்லை விட்டார்கள். வேகத்தடை போடுவதாகவும் நஷ்ட ஈடு தருவதாகவும் சொன்ன பிறகு எழுந்தார்கள். வேகத்தடை இன்றும் இருக்கிறது. என் கம்பெனி பஸ் தினமும் அதில் ஏறி இறங்குகிறது.

மறியல் நடந்த மறுநாள் இன்ஸ்பெக்டர் பெரியண்ணனைக் கூப்பிட்டு, மறியல் பெரிதாகிவிட்டது, வழக்கு போடாமல் விட முடியாது, யாரையும் வந்து பிடிக்க மாட்டேன், நீங்களே பெயர் கொடுத்துவிடுங்கள் என்றாராம். எங்கள் தெருவில் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். அதே முறையில் வீட்டுக்கு ஒரு பெயர் என்று பெரியண்ணன் கேட்டார். யார் பெயர் என்பது அந்தந்த வீட்டின் விருப்பம். ஒன்று மட்டும் எல்லோரும் பேசி முடிவு செய்தது: பையன்கள் பெயர் கூடாது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் நிரந்தரமாக்கும் முன் போலீஸ் சான்று கேட்பார்கள். பையன்கள் பிழைப்பு கெடும். பெண்களுக்கு என்ன, கட்டிக்கொண்டு வேறு ஊர் போய்விடுவார்கள். ஆகவே, ரோட்டை மறித்த ஆண்கள் ஒருவர் பெயரும் இல்லாமல், கிழவிகளும் கல்யாணமாகாத பெண்களுமாக ஒரு மறியல் வழக்கு பதிவானது.

அந்தப் பெண்களை ஒருநாள் மினி வேனில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார்கள். நஷ்ட ஈடு கேஸ், சாட்சி மாதிரி நிற்க வேண்டும், கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள், இன்றோடு முடிந்துவிடும் என்று பெரியண்ணன் சொல்லியிருக்கிறார். பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருத்தியும் ஆமாம் என்றாள். கோயில் பணத்திலிருந்து அபராதம் கட்டினார்கள். திரும்பும் வழியில் எல்லோருக்கும் பிரியாணி. பெண்கள் வேனில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் மகளின் போனில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அன்று மாலை எனக்குக் காட்டினாள். பத்தொன்பது வயது. வாயெல்லாம் பல்.

காவலர் அவளிடம் மெதுவாகக் கேட்டார்: அன்றைக்கு ரோட்டில் இருந்தாயா? இல்லை, கம்பெனியில் லைனில் இருந்தேன் என்றாள் அவள். தெருவே அதற்குச் சாட்சி.

"கோர்ட்டுல இன்னா சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

"அப்புறம் நான் இன்னாமா பண்றது?"

அவர் கெட்டவர் இல்லை. படிவத்தில் உண்மையை எழுதியிருந்தாலாவது மேலிடத்தில் கெஞ்சிப் பார்த்திருக்கலாம், மறைத்ததுதான் பெரிய தப்பு என்று விளக்கினார். அப்போதுதான் அவள் சொன்னாள்: படிவம் நிரப்பும்போது அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறாள். ஃபைன் கட்டினால் கேஸே இல்லாத மாதிரிதான், இல்லை என்று போடு என்று அவர் சொல்லியிருக்கிறார். அங்கேயே நின்றிருந்த பெரியண்ணன் அதை மறுக்கவில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அபராதம் கட்டிவிட்டால் கரும்பலகையைத் துடைத்த மாதிரி என்று.

மறுநாள் மதியத்துக்குள் அறிக்கையை அனுப்ப வேண்டும், அதற்குள் ஏதாவது செய்ய முடிந்தால் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுக் காவலர் பைக்கை எடுத்தார். மிச்ச வடையைச் சின்னண்ணி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

நான் விடுப்பை முழு நாளாக மாற்றிக்கொண்டேன். என் கணவரின் நிலத் தகராறைப் பார்த்த வழக்கறிஞர் ஒருவர் காஞ்சிபுரத்தில் இருக்கிறார். அவருக்கு போன் செய்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கம்பெனி வருகைப் பதிவு கிடைக்குமா என்றார். அவளை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர் மாறி இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மதியமே கேட்டுப் பார்த்தோம், பழையது எதுவும் இல்லை என்றார்கள். அப்படியானால் ஒரே வழிதான் என்றார் வழக்கறிஞர். பெயரைப் போலீசுக்குக் கொடுத்தவர் யாரோ அவர் நேரில் வந்து, அந்தப் பெண் அங்கே இல்லை, விஷயம் தெரியாமல் ஒப்புக்கொண்டாள் என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதை வைத்து ஐகோர்ட்டில் தண்டனையை ரத்து செய்யக் கேட்கலாம். கேட்டிருக்கிறோம் என்று தேர்வு வாரியத்துக்கும் காலையிலேயே தெரிவித்துவிட்டால், உடனே தள்ளிவிட மாட்டார்கள். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பத்திரம் இல்லாமல் ஒன்றுமே இல்லை என்றார். காலை ஒன்பது மணிக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

ஆறு மணிக்குப் பெரியண்ணன் வீட்டுக்குப் போனோம். அவளும் நானும் சின்னண்ணியும். தம்பி இரண்டாம் ஷிப்டில் இருந்தான். செய்தி முன்பே போயிருந்தது. பெயர் கொடுத்த வீடுகளிலிருந்து சில பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தை மட்டும் குறைத்தார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பெரியண்ணன் கேட்டு முடித்துவிட்டு, போலீசுக்குப் பொய்ப் பெயர் கொடுத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் முதலில் உள்ளே போவது நான்தான் என்றார். அதோடு மற்ற வீடுகளின் கதை என்ன ஆகும் என்றார். அதற்காகவே காத்திருந்தது போலப் பக்கத்து வீட்டுப் பெண் பேச ஆரம்பித்தாள். அவள் மகள் பெயரும் அதில் இருக்கிறது. மகளை ஆவடிப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். மாமியாருக்குத் தெரியாது.

"எம்பொண்ணு புள்ளத்தாச்சியா கீறா. உம்பொண்ணு லத்தி புடிக்கணும்னு எம்பொண்ணு வாழாவெட்டியா வரணுமா?" என்றாள் சின்னண்ணியைப் பார்த்து.

சின்னண்ணி, தன் பெண்ணின் பிழைப்பைக் கேட்க வந்தவள், பிறத்தியார் வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்திருப்பவளைப் போல முந்தானையை மடியில் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதை நான் கவனித்தேன். துக்கம் என்று நினைத்தேன்.

பெரியண்ணி காபி கொண்டுவந்தாள். "ஒரு வூட்டுக்கு ஒரு கவர்மெண்டு வேல போதாதா? ஆயா வேல இவ பாக்குறா. புள்ள கம்பெனில பர்மனென்ட் ஆவப் போறான். பொண்ணுக்குக் கல்யாணத்தப் பண்ணுவீங்களா, ஜெயில் சாவியக் குடுப்பீங்களா" என்றாள். ஒரு பெண் சிரித்தாள். காபியில் சர்க்கரை அதிகம்.

பெரியண்ணன் சமாதானமாகப் பேசினார். நாளைக்குக் காவலர் அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்க வந்தால், நல்ல பெண், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை என்று தானே போடுவதாகச் சொன்னார். அதனால் என்ன பயன் என்று நான் கேட்டேன். பயன் இல்லைதான், ஆனால் ஒரு மரியாதை என்றார்.

அதுவரை அவள் பெரியப்பாவின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். காலையில் காவலர் முன் நின்ற அதே விதத்தில்.

"பெரிப்பா, தெருவுல அத்தன பேர் இருக்கும்போது எங்க அப்பா இல்லன்னுதான என் பேர எழுதின?" என்றாள்.

அவர் டிவியைப் பார்த்தார். பிறகு, "எழுதினது நானு. உங்க வூட்டுப் பேர நான் சொல்லல" என்றார்.

"வேற யாரு சொன்னது?"

அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. தெரியாதவர்கள் அவளும் நானும் மட்டும்தான். எல்லோரும் பார்க்காமல் விட்ட இடத்தை வைத்தே எனக்குப் புரிந்தது. ஒருத்தியும் சின்னண்ணி பக்கம் திரும்பவில்லை.

சின்னண்ணி முந்தானையை விட்டுவிட்டாள். "வூட்டுல மூணு பேரு. நான் ஸ்கூல்ல கீறேன், என் பேர்ல கேஸ் வந்தா அன்னிக்கே நிறுத்திடுவாங்க. அவன் ஐடிஐ படிச்சிக்கினு இருந்தான். யார் பேரத்தான் சொல்றது?" என்றாள். கணக்குச் சொல்கிற குரல்.

"என்ன ஒரு வார்த்த கேட்டியாமா?"

"நீ லைன்ல இருந்த. உள்ள போன் எடுத்துனு போவ வுட மாட்டாங்கல்ல."

மகள் சிரித்துவிட்டாள். எனக்கு அது பயமாக இருந்தது. பிறகு அவள் அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அன்று முழுவதும் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"சரி. போனது போகட்டும். பேர் குடுத்தவங்க வந்தா போதும்னு வக்கீல் சொல்றாரு. பெரிப்பா வர வேணாம். நீ வா. எம்பொண்ணு அன்னிக்கி வேலைக்குப் போயிருந்தா, நான்தான் பேர் சொன்னேன்னு மட்டும் சொல்லு."

பெரியண்ணன், அப்படிச் சொன்னால் சத்துணவு வேலை போய்விடும் என்றார். அப்படி ஒன்றும் சட்டம் இல்லை என்றேன் நான். உனக்குத் தெரியுமா என்றார். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதனால் வழக்கறிஞரைக் கேட்கிறேன் என்றேன். சின்னண்ணி இரண்டையும் கேட்கவில்லை. அவள் பயம் வேறு இடத்தில் இருந்தது.

"அவ இல்லன்னா உங்க வூட்டுலருந்து யாரு ரோட்டுல இருந்ததுன்னு கேப்பாங்கல்ல" என்றாள்.

"கேட்டா என்ன?"

"அவன் இருந்தான்."

பெரியண்ணி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "இருந்தானா? கண்ணாடிய ஒடச்சதே அவன்தான்" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பது போல. பஸ் கண்ணாடியில் கல்லை விட்டது யாரென்று அந்தத் தெரு நான்கு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. அவனுக்குப் போலீஸ் சான்று சுத்தமாக வந்திருந்தது. அதைச் சின்னண்ணி எனக்குக் காட்டியிருக்கிறாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

பிறகு மகள் அம்மாவிடம், "காலைல எட்டு மணிக்கு பஸ். வர்றியா?" என்று மட்டும் கேட்டாள். சின்னண்ணி, பார்க்கலாம் என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து, டிவி சத்தத்தைத் தானே கூட்டிவைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வரும்போது சின்னண்ணி முன்னால் வேகமாக நடந்து போய்விட்டாள். அவள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். நான் ரசமும் அப்பளமும் செய்தேன். நன்றாகச் சாப்பிட்டாள். அம்மா வருவாள் என்று நான் சொன்னேன். தாயால் அப்படி விட முடியாது என்றும் சொன்னேன். அத்தை, நான் பஸ் கண்ணாடி உடைத்திருந்தால் அம்மா தம்பி பெயரைக் கொடுத்திருப்பாளா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல வரவில்லை. தூங்கு என்றேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்குச் சின்னண்ணி வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. எட்டரைக்குப் போகிற பள்ளிக்கூடம். உள்ளே தம்பி இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தூக்கம் கெடக் கூடாது என்று வெளியே பூட்டிப் போயிருக்கிறாள். அவள் மகள் குளித்து, தலை வாரி, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்று அந்தப் பூட்டைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் வரை போய்க் கூட்டி வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். வக்கீலுக்குச் சொல்லிவிடுங்கள் அத்தை, பாவம், காத்திருப்பார் என்றாள்.

அன்று காலையில் முதலில் செய்தது அதுதான். வழக்கறிஞருக்கு போன் செய்து, நாங்கள் வரவில்லை என்றேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லையா என்றார். இல்லை என்றேன்.

"பரவால்லம்மா. பொண்ணோட அம்மா இருக்காங்கல்ல, அவங்கள கூட்டினு வாங்க. பெத்தவங்க சொன்னா ஜட்ஜ் நம்புவாரு."

அவங்களுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன்.